பேஜாரு முகம்

கும்மிடிப்பூண்டியில் என் மகளுடைய ஒன்றாம் வகுப்பு டீச்சர், நாம் பேசி முடித்ததும் ஒரு நீண்ட மூச்சு விட்டுத்தான் பதில் சொல்வார். அதற்குள் எனக்கு உயிர் போய்த் திரும்பும்.

வகுப்புச் சுவரில் சிரிப்பு, அழுகை, கோபம், பயம் என நான்கு முகங்களை ஒட்டியிருந்தார். பிள்ளைகள் காலையில் தங்கள் மனநிலைக்கு ஏற்ற முகத்தின் கீழே பெயர்ச்சீட்டை ஒட்ட வேண்டும். என் மகள் எதிலும் ஒட்டுவதில்லை என்று என்னை வரவழைத்தார். வீட்டில் நான்தான் குழந்தையை வாட்டுகிறேன் என்று நினைத்துவிட்டாரோ? இரும்பு உருக்கும் ஆலையில் வேலை செய்பவன், குட்டி நாற்காலியில் சிக்கி, உலை முன்னால் வேர்ப்பதைவிட அதிகமாக வேர்த்தேன்.

"டீச்சர், ஊட்ல சண்டையே கெடியாது. நானே எல்லாருக்கும் பயந்துக்கினு இருக்கறவன்."

மூச்சு. பிறகு மகளிடம், "ஏம்மா ஒட்டல?"

"இதுல பேஜாரு இல்லியே டீச்சர். எங்கப்பா டெய்லி அதான் சொல்லும்."

"பேஜாருன்னா கோபமா, அழுகையா?"

"ரெண்டும் இல்ல டீச்சர். பேஜாரு."

டீச்சர் சிரிக்கவில்லை. என்னையே உற்றுப் பார்த்து, வழுக்கை, மீசை, வியர்வையுடன் ஐந்தாவது முகத்தை வரைந்து ஒட்டினார். மகள் உடனே அங்கே ஓடினாள்.

இப்போது திங்கட்கிழமைகளில் பாதி வகுப்பு என் மீசைக்குக் கீழேதானாம். டீச்சரின் பெயர்ச்சீட்டும் அங்கேதான் இருக்கிறதாம். அவருக்கு என்ன பேஜாரோ, கேட்கத்தான் பயமாக இருக்கிறது.