சிரிங்க அண்ணன் கடைக் குப்பைத்தொட்டி

எங்கள் போட்டோக் கடைக்காரரைத் தெருவில் எல்லாரும் 'சிரிங்க அண்ணன்' என்றுதான் சொல்வார்கள். கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஊரையே சிரிக்கச் சொல்லுவார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்தக் கடையில் படங்களை வெட்டி உறையில் போடுவது என் வேலை. என் மேசை கம்ப்யூட்டருக்குப் பின்பக்கம். அதனால் திரையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. திரையைப் பார்ப்பவர் முகம்தான் தெரியும்.

ஃபிலிம் காலத்தில் அண்ணன் மேசைக்கடியில் ஒரு அட்டைப்பெட்டி இருக்குமாம். படத்தைக் கொடுத்து அனுப்பியதும் நெகட்டிவை அதில் போட்டுவிடுவார். மறுபடி யாராவது கேட்டு வந்தால் குனிந்து கிளறி எடுப்பார். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. திரை ஓரத்தில் ஒரு தொட்டிப் படம் இருந்தது. நம்ம பெட்டி இதுதான் என்று முடிவு செய்துவிட்டார். வேலை முடிந்த படமெல்லாம் அதற்குள் போனது, கேட்டு வந்தவர்களுக்கு அதிலிருந்தே வெளியே வந்தது. ஒருமுறை பழுது பார்க்க வந்தவரிடம், "தொட்டி சின்னதா இருக்கு, கொஞ்சம் பெரிசு பண்ணிக் குடுங்க" என்று கேட்டார். அவரும் தலையைச் சொறிந்துகொண்டே செய்து கொடுத்துவிட்டுப் போனார்.

போன மாதம் கம்ப்யூட்டர் அதேதான், உள்ளே ஓடும் சிஸ்டம் மட்டும் புதிதாக மாறியது. மறுநாளே கேமராவிலிருந்து ஒரு படத்தைக்கூட இறக்க முடியவில்லை. இடம் இல்லை, இடம் இல்லை என்றே காட்டியது. நல்லவேளையாக அண்ணனின் மாப்பிள்ளை லீவுக்கு வந்திருந்தார். பெரிய ஆபீஸில் வேலை. அவர் உள்ளே நுழைந்ததும் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார்.

"புது சிஸ்டம் வந்தா பழசையும் ஒரு ஓரமா வச்சுக்கும் மாமா. அதான் அடைச்சுக்கிட்டு நிக்குது. நான் சுத்தம் பண்ணிடறேன்."

"நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும் மாப்ள" என்று சொல்லிவிட்டு அண்ணன் டீ வாங்கப் போனார்.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளை கையைத் தட்டிக்கொண்டார். "பாதி டிஸ்க் காலி மாமா! பாக்கி இருந்த அப்டேட்டையும் இறக்கிட்டேன். இனி பறக்கும் பாருங்க."

அந்த டீ ஆறுவதற்குள் சலவைக்கடை அக்கா ஓடி வந்தார். காலில் செருப்பில்லை.

"அண்ணா, அப்பாவைக் காலையிலேருந்து காணோம்."

அவர் அப்பாவுக்கு மறதி. வீட்டு வாசலில் நின்றுகொண்டே வீடு எங்கே என்று கேட்பார்.

"நீலச் சட்டை, முகக்கவசம், கையில ஒரு பை, எல்லாம் சொல்லிட்டேன். போட்டோ கொண்டாங்கன்றாங்க ஸ்டேஷன்ல. செல்போனைத் தூக்கினாலே அவரு மூஞ்சிய மூடிக்குவாரு. பென்ஷன் அட்டைக்கு நீங்க எடுத்தது ஒண்ணுதான். அட்டை அவரு பையிலயே இருக்கு. உங்ககிட்ட இருக்கும்ல?"

"என் பெட்டிக்குள்ள போனது எங்கம்மா போகும்? அழாத, இரு."

அண்ணன் உட்கார்ந்தார். மவுஸை ஒரு தடவை அழுத்தினார். இன்னொரு தடவை. அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் பார்த்தேன். உதடு வெளுத்துப் போனது.

"மாப்ள, இதுல இருந்தது எங்க?"

"எதுல மாமா?"

"இந்தத் தொட்டியில."

"அது குப்பைத்தொட்டி மாமா."

"ஆமா. அதுல இருந்தது எங்க?"

மாப்பிள்ளை சிரித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "குப்பையில இருந்தா குப்பைக்குத்தானே..." பாதியிலேயே நிறுத்திவிட்டார். அண்ணனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு அவர் முகமும் வெளுத்தது.

யாரும் கத்தவில்லை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் அண்ணன் எப்படிக் கத்துவார்? வாயைத் திறந்தபடி காலித் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னாச்சு? இருக்கா இல்லையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். வேறு என்ன செய்ய?

திடீரென்று மாப்பிள்ளை பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். "அழிச்சது உடனே போயிடாது மாமா. அந்த இடத்துல வேற எதுவும் வந்து உக்காராத வரைக்கும் எடுத்துடலாம்." சொல்லி முடித்தவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அப்டேட்டை இறக்கி உட்கார வைத்தவர் அவரேதான்.

தெருமுனைப் பழுதுக் கடைக்கு அவரே கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நாங்கள் பின்னாலேயே போனோம். பழுதுக்காரர் டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். படங்கள் வர ஆரம்பித்தன. பெயர் இல்லை, தேதி இல்லை, வெறும் முகங்கள். இந்த முறை நானும் திரையைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். சில முகங்கள் முழுதாக இருந்தன. சிலவற்றில் கழுத்துக்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். சிலவற்றில் தலைமுடி மட்டும்.

"இது தையல்காரர் பொண்ணு" என்றார் அண்ணன். "இவரு செத்துட்டாரு. இது நம்ம பேப்பர் போடறவரு... ஐயோ, இவருக்கு வாயைக் காணோமே."

மாப்பிள்ளை சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

அப்போதுதான் அக்கா, "அப்பா!" என்று அலறினார்.

நெற்றி இருந்தது. புருவம் இருந்தது. இரண்டு கண்களும் இருந்தன. மூக்குக்குக் கீழே ஒன்றுமே இல்லை. சாம்பல்.

"பாதிதான் வந்திருக்கு. இதை வச்சு என்ன பண்றது?" என்றார் பழுதுக்காரர்.

"அனுப்புங்க" என்றார் அண்ணன். "கண்ணு இருக்குல்ல. அனுப்புங்க."

ஸ்டேஷனுக்கு அனுப்பினோம். தெருக்காரர்கள் எல்லாருடைய செல்போனுக்கும் அனுப்பினோம். என்ன இது, கோமாளித்தனமா என்று ஒருவர் பதில் போட்டார். அக்கா அதைப் படித்துவிடாமல் இருக்க, செல்போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

பொழுது சாய்வதற்குள் பஸ் டிப்போ காவலாளி கூப்பிட்டார். அக்கா செல்போனை நீட்ட, அண்ணன்தான் பேசினார். காவலாளி போட்ட சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"நிக்கிற பஸ்ல ஏறி உக்காந்திருக்காருங்க. பையைத் தொட விடல, மாஸ்க்கைக் கழட்ட விடல. யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? உங்க படத்துல எவ்வளவு மூஞ்சி இருக்கோ, அவ்வளவுதாங்க இவருக்கும் வெளிய தெரியுது. பாத்தவுடனே தூக்கிவாரிப் போட்டுது."

மாப்பிள்ளை வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்கக்கா" என்றார்.

மறுநாள் அக்கா அப்பாவைக் கடைக்குக் கூட்டி வந்தார். அண்ணன் அவரை உட்காரவைத்து, கவசத்தை மெல்லக் கழற்றி, "சிரிங்க" என்றார். பெரியவர் சிரித்தார். படத்தைக் கொடுத்து முடித்ததும் அண்ணனின் கை பழக்கத்தில் மவுஸைத் தொட்டி இருந்த மூலைக்கே இழுத்துக்கொண்டு போனது. மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை நின்றது.

"எங்க வைக்கட்டும் மாப்ள?"

"எங்க வேணா வைங்க மாமா. அங்க மட்டும் வேணாம்."

அதிலிருந்து அண்ணனுக்கு ஒரு புதுப் பழக்கம். அன்று திரையில் பாதி முகத்தோடு மீண்டவர்கள் யாராவது கடையைத் தாண்டிப் போனால் எழுந்து ஓடுகிறார். "வாங்க, ஒரு நிமிஷம் உக்காருங்க, காசு வேண்டாம்" என்று கையைப் பிடித்து இழுத்து வருகிறார். நேற்று பேப்பர் போடுகிறவர் மிரண்டுபோய், "எனக்கு என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகல" என்றார் அண்ணன், அவர் வாயையே உற்றுப் பார்த்தபடி. "சிரிங்க."