பருந்தனின் கடைசிக் காட்சி

பருந்தன் இரண்டாம் பாகம் கூடாத படம், மோசமான படம் என்று எங்கள் ஒழுங்கையில் இருந்த அத்தனை வீடும் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை முதலில் சொன்னவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. படத்தில் நல்லது கெட்டது பார்க்கிற அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. மச்சானுக்கு அது பிடித்திருந்தது. கூடாது என்று சொல்ல எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மச்சான், அம்மாவின் அண்ணனுடைய மகன். குடாக்கடலுக்கு அக்கரையில், கட்டைபறிச்சானில் இருந்தவன். குடாவுக்கு அந்தப் பக்கம் ஷெல்லடி தொடங்கியதும் மாமா அவனை மூதூரிலிருந்து வரும் லோஞ்ச் படகில் ஏற்றி எங்களிடம் அனுப்பினார். மாடுகளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் பின்னால் வருகிறேன் என்று தான் நின்றுவிட்டார். மாமி அவன் தவழும் வயதிலேயே செத்துப்போய்விட்டார். ஒரு யூரியாப் பையில் உடுப்பும் கக்கத்தில் ஒரு பூசணிக்காயுமாக அவன் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தான். பூசணிக்காயைக் கறி வைத்துச் சாப்பிட்டு முடித்தோம். அவன் போகவில்லை.

அதுவரைக்கும் அண்ணா என்னுடைய ஆள். என்னைவிட ஐந்து வயது மூத்தவன். பருந்தன் முதலாம் பாகத்தை நானும் அவனும் ஒரே கதிரையில் நெருக்கிக்கொண்டு இருந்து பார்த்தவர்கள். பருந்தனுக்கு முதுகில் பெரிய மண்ணிறச் செட்டைகள். ஓடுகிற ரயிலைத் தூக்கிக்கொண்டு மலைக்கு மேலால் பறப்பான். படம் பார்த்த மறுநாளே அண்ணா அப்பாவின் சாரத்தைத் தோளில் கட்டிச் செட்டையாக்கிக்கொண்டு, என்னை முதுகில் ஏற்றி, கிணற்றடியிலிருந்து படலை வரைக்கும் பறந்தான். அந்த முதுகு எனக்கென்றே படைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் வந்த கொஞ்ச நாளில் சாரம் மச்சானுடைய தோளுக்குப் போனது. அண்ணா அவனுக்குப் பறக்கப் பழக்கினான். என்னையும் ஏற்று என்று போய் நின்றால், "உனக்குப் பாரம் கூடிப்போச்சு, போடி" என்றான். அண்ணாவின் பாயில் பாதி அவனுக்கு. அண்ணாவின் நீலக் காற்சட்டை அவனுக்கு. சூடை மீன் பொரித்தால் மொறுமொறுவென்று கருகின துண்டை அண்ணா எனக்குத்தான் எடுத்து வைப்பான். அதுவும் இப்போது தட்டு மாறி விழுந்தது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். யாரும் கவனிக்கவில்லை.

எல்லாவற்றையும்விடப் பின்னேரங்களில்தான் எனக்கு எரிந்தது. லோஞ்ச் வருகிறதோ இல்லையோ, இரண்டு பேரும் சைக்கிளில் லோஞ்ச் கட்டுகிற ஜெட்டிக்குப் போவார்கள். மாமா வருகிறாரா என்று பார்க்கத்தான். நானும் வருகிறேன் என்றால் அண்ணா, "நீ வேண்டாம், வீட்டில நில்" என்பான். சைக்கிள் பாரில் மச்சான் இருப்பான். அந்தப் பாரில் நான் ஆணியால் கீறி வைத்த என் பெயரின் முதலெழுத்துக்கு மேலே இருப்பான்.

அப்படி இருக்கும்போதுதான் பருந்தன் இரண்டாம் பாகம் டவுன் சீடிக்கடைக்கு வந்தது. எங்கள் ஒழுங்கைக்கு அந்த நாட்களில் கரண்ட் இல்லை. மூலை வீட்டு அக்காவிடம் ரிவியும் மண்ணெண்ணெயில் ஓடுகிற சின்ன ஜெனரேற்றரும் இருந்தன. படம் பார்க்கிறதென்றால் வீட்டுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கொண்டு போகவேண்டும். அதுதான் ரிக்கற். இருட்டினால் வெளியில் திரிய ஏலாது என்பதால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் படம் போடுவார்கள்.

தொடக்கத்திலேயே சனத்துக்குப் பிடிக்கவில்லை. முதலாவது சண்டையில் பருந்தனின் செட்டைகள் உதிர்ந்துவிட்டன. பிறகு படம் முழுக்க நடக்கிறான். குடையில்லாமல் மழையில் பஸ்ஸுக்கு நிற்கிறான். வந்த பஸ்ஸிலும் இடமில்லை. ஒரு துறைமுகத்தில் ஒரு பொடியன் கப்பலோடு கடலுக்குள் தாண்டுபோன தகப்பனைக் காத்துக்கொண்டு இருக்கிறான். கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று பருந்தன் அவனிடம் சொல்லிவிடுகிறான். செட்டை இல்லாமலே சொல்லிவிட்டுக் கடலுக்குள் இறங்குகிறான். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமியது. ரிவி கறுத்தது.

"எண்ணெய் முடிஞ்சுது பிள்ளையள்" என்றார் அக்கா.

இன்னொரு போத்தல் கொண்டுவர ஆள் இருந்தார்கள். ஆனால் இந்தப் படத்துக்கு இனி ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை என்று எல்லோரும் எழும்பிவிட்டார்கள். முடிவு தெரியாமலே அந்தப் படத்துக்கு எங்கள் ஒழுங்கையில் முடிவு கட்டப்பட்டது.

வெளியில் வேப்பமரத்தடியில் வழக்கு நடந்தது.

"செட்டை இல்லாட்டி உவன் என்ன பருந்தன்? கோழியன் எண்டு பேர் வைச்சிருக்கலாம்" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

"வில்லனுக்கு இருமல். அவனுக்குச் சண்டை பிடிக்கவே ஏலாது" என்றான் எதிர்வீட்டுப் பொடியன்.

"பஸ்ஸுக்கு நிக்கிறதைப் பாக்கிறதுக்கு என்னத்துக்கு எண்ணெய்? எங்கட பஸ் ஸ்ராண்டில போய் நிண்டால் சும்மா பாக்கலாம்" என்றார் அக்கா.

மச்சான் மட்டும் கீழே இருந்து மண்ணைக் கிளறிக்கொண்டு இருந்தான்.

"எனக்குப் பிடிச்சது" என்றான்.

"என்னடா பிடிச்சது? சொல்லு பாப்பம்" என்றான் எதிர்வீட்டுப் பொடியன்.

"அவனுக்குக் கால் கொப்பளிச்சிருந்தது. பிறகும் நடந்தவன்." கொஞ்சம் யோசித்தான். "பறக்கத் தெரிஞ்சவன் வாறது பெரிய வேலையே? ஏலாதவன் வெளிக்கிட்டதுதான் பெரிசு."

"பெரிய வாத்தியார்" என்றேன். திரும்பவும் சிரிப்பு. நான் அண்ணாவின் முகத்தைப் பார்த்தேன். முதலாம் பாகத்தை என்னோடு பார்த்தவன் என் பக்கம் வருவான் என்று இருந்தேன். அண்ணா, "படம் கூடாதுதான்" என்றான். எனக்கு நெஞ்சு விரிந்தது. பிறகு, "ஆனால் முடிவு பாக்காமல் சொல்லக்கூடாது. நாளைக்கு நான் சீடி குடுக்கப் போகேக்க பாத்துக்கொண்டு வாறன்" என்று மச்சானின் தலையில் கை வைத்தான். விரிந்தது சுருங்கிவிட்டது.

அன்றைக்கு அப்பா வேலையால் வந்ததும் நேரே குசினிக்குள் போனார். சாப்பாட்டுக்கு முதல் குசினிக்குள் போகிற ஆள் இல்லை அவர். அண்ணா பின்பக்கத்தில் விறகு கொத்திக்கொண்டு நின்றான். அம்மா கண் சிவந்து வெளியில் வந்தார். விறகு ஈரம், ஒரே புகை என்றார். நான் நம்பினேன். எனக்கு வேறு கவலை இருந்தது.

மறுநாள் அண்ணா சீடி கொடுக்கத் தனியாகப் போனான். வரும்போது வெயில் ஏறிவிட்டது. சைக்கிளைச் சாத்திவிட்டுக் கிணற்றடியில் வெகுநேரம் முகம் கழுவினான். நாங்கள் சுற்றி நின்றோம். அம்மா கிணற்றுக் கட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"கடைக்காரரிட்டக் கேட்டு, கடைசித் துண்டை மட்டும் போட்டுப் பாத்தனான்" என்றான். பிறகு சொன்னான். அண்ணாவைப் போலப் படக்கதை சொல்ல யாருமில்லை. பருந்தன் கடலுக்கு அடியில் கப்பலைத் தேடிக் கண்டுபிடிக்கிறான். கதவு திறக்கவில்லை. கையால் உடைக்கிறான். இங்கே பொடியன் காத்திருந்து காத்திருந்து சனமெல்லாம் போய்விட்டது. லைற் எல்லாம் அணைத்துவிட்டார்கள். அப்போது தண்ணீருக்குள் இருந்து ஒரு தலை தெரிகிறது. நொண்டி நொண்டி வருகிறான் பருந்தன். முதுகில் தகப்பன்.

மச்சான் மூச்சு விடாமல் கேட்டான். அண்ணா அவனைப் பார்த்து மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள் அங்கே நிற்பதே அவனுக்குத் தெரியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"பொய்! அவ்வளவு நாள் தண்ணிக்குள்ள கிடந்த ஆள் எப்பிடி உயிரோட வரும்? அழுகிப்போயிருக்கும்!"

அம்மாவின் கையிலிருந்த மீன் நழுவி வாளிக்குள் விழுந்தது. அண்ணா என் வாயைக் கையால் பொத்தினான். நோகப் பொத்தினான். அதுவரை அவன் என்னில் கை வைத்ததில்லை.

"வாயை மூடு! படத்தில அப்பிடித்தான். நான் பாத்தனான்."

மச்சான் எனக்குக் கோபிக்கவில்லை. "நல்லாப் பிந்தித்தான் வந்திருக்கிறான்" என்றான். "பிந்தினாலும் வந்தவன்தானே."

அன்று பின்னேரம் அவர்கள் போன பிறகு நானும் பின்னால் நடந்து ஜெட்டிக்குப் போனேன். லோஞ்ச் வரவில்லை. ஜெட்டியின் நுனியில் இரண்டு முதுகுகள் தெரிந்தன. பக்கத்தில் பக்கத்தில், கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு. எனக்குச் சொல்லாத கதையெல்லாம் அங்கே கதைக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

மாமா ஒரு சின்ன மீன்பிடி வள்ளத்தில் குடாவைக் கடக்க வெளிக்கிட்டவராம். வள்ளம் வந்து சேரவில்லை. அந்தச் செய்தியைத்தான் அப்பா குசினிக்குள் சொல்லியிருக்கிறார். பின்பக்கத்தில் விறகு கொத்திய அண்ணாவுக்கும் அது கேட்டிருக்கிறது. கண்ணால் காணாமல் எங்கள் ஆட்கள் செத்தவீடு செய்வதில்லை. வாய்விட்டுச் சொல்வதுமில்லை. சொன்னால் அதுவே நடந்ததாகிவிடும் என்ற பயம். அம்மா தன் அண்ணனுக்கு ஒப்பாரி வைக்காமல் எங்களுக்கு மீன் வெட்டினார். பிறகு எப்போதோ மச்சானுக்கும் தெரிந்தது. யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் அதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் போனோம். மச்சான் கட்டாருக்கு வேலைக்குப் போனான்.

அண்ணா போன மாதம் செத்துப்போனான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், அங்கிருந்து நடந்து வரவில்லை. மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் அழுதான். நான் அழுததைவிடச் சத்தமாக அழுதான். அப்போதும் எனக்கு எரிந்தது. என் அண்ணாவுக்கு இவன் ஏன் இவ்வளவு அழவேண்டும்?

"பருந்தன் முடிவு ஞாபகமிருக்கோ?" என்று கேட்டான். "நான் இங்க கஷ்டம் வந்தா அதைத்தான் நினைக்கிறனான். உன்ர அண்ணா சொன்ன மாதிரியே."

அதற்குப் பிறகுதான் போனில் தேடி அந்தப் படத்தைப் பார்த்தேன். முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்து வீடு வெறுமையாகிவிட்டிருந்தது. ஒழுங்கை சொன்னதில் பிழையில்லை. சண்டை இருட்டு. வில்லனின் இருமல் பெரிய தொந்தரவு. முதலாம் பாகத்தில் இருந்த குரல் இல்லை, பருந்தனுக்குத் தமிழில் குரல் கொடுத்தவனை மாற்றிவிட்டார்கள். தேவையில்லாத இடத்தில் ஒரு பாட்டு. ஆனால் கொப்பளித்த காலை மச்சான் அன்றைக்கே கண்டுபிடித்திருந்தான். பஸ்ஸுக்கு நிற்கிற இடமும் நன்றாகத்தான் இருந்தது. அண்ணாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய் வந்தவளுக்கு அது தெரியும்.

தண்ணீர் பருந்தனின் கழுத்துக்கு வந்தது. எங்கள் எண்ணெய் முடிந்த இடம். அதற்குப் பிறகு அவன் தாழ்கிறான், தேடுகிறான். கதவு திறக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பி வருகிறான். முதுகில் யாருமில்லை.

இரண்டாம் தரமும் ஓடவிட்டுப் பார்த்தேன். முதுகில் யாருமில்லைதான்.

அண்ணா அந்தக் கடையில் நின்று இதைத்தான் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியில், சைக்கிள் மிதித்தபடியே, ஒரு தகப்பனைக் கடலுக்குள் இருந்து தூக்கி முதுகில் வைத்திருக்கிறான். எனக்குக் கண்ணீர் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. இவ்வளவு நல்ல பொய் ஒன்றை அண்ணா எனக்காக ஒருநாளும் சொன்னதில்லை. இனிச் சொல்லவும் மாட்டான். மச்சானிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லப்போவதுமில்லை. அண்ணாவைப் பற்றி அவனுக்குத் தெரியாத ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது.

படம் அதோடு முடியவில்லை. பருந்தன் கரையேறி வந்து ஜெட்டியில் அந்தப் பொடியனுக்குப் பக்கத்தில் இருக்கிறான். கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு. பின்னால் இருந்து இரண்டு முதுகுகளைக் காட்டுகிறார்கள். பாட்டு இல்லை. கதை பேச்சு இல்லை. பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன. அண்ணா இதையும் பார்த்துவிட்டுத்தான் அன்று பின்னேரம் ஜெட்டிக்குப் போயிருக்கிறான்.

அன்றைக்கு ஜெட்டியில் அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று இத்தனை வருடமும் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் ஒன்றும் கதைக்கவில்லை.