விரியனும் சோளக் குருத்தும்

யுத்தம் நடந்த வருஷங்களில் நூல் கிடைக்காமல் அருப்புக்கோட்டையில் எங்கள் தறி சும்மா கிடந்தது. அதைவிடப் பெரிய கவலை கைக்குழந்தை. பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் என் மனைவிக்குப் பால் வற்றிவிட்டது. எங்கள் பசுவின் பாலில்தான் பிள்ளை உயிரோடு இருந்தது. மழை பொய்த்த அந்த வருஷம் பசுவுக்குப் போட ஒரு பிடி வைக்கோல்கூட அகப்படவில்லை.

ஒரு நாள் காலையில் தீவனம் தேடித் திருச்சுழிப் பாதையில் நடந்தேன். அறுவடை முடிந்த கரிசல் காட்டில், அறுத்த தட்டையின் அடியிலிருந்து சோளம் மறுபடி சாண் உயரத்துக்குத் துளிர்த்திருந்தது. ஒரு மாடுகூட வாய் வைக்காத பச்சை! வெள்ளாமை செய்கிற இந்தச் சம்சாரிகளுக்குத்தான் எவ்வளவு அலட்சியம் என்று நினைத்துக்கொண்டேன்.

சுருட்டை விரியனுக்குப் பயந்து, கம்பால் தரையைத் தட்டித் தட்டித்தான் உள்ளே போனேன். ஒன்று கிடக்கவும் செய்தது. உடம்பை உரசிச் சர்ரென்று சத்தம் போட்டது. நான் விலகிக்கொண்டேன், அதுவும் போய்விட்டது. தப்பித்த பெருமையோடு ஒரு கட்டு அறுத்து வந்து பசுவுக்குப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பசுவுக்கு மூச்சு வாங்கியது. நுரை தள்ளி, கால் நடுங்கி விழுந்தது. கட்டுக்குள் விரியன் வந்து கடித்துவிட்டது என்றே நினைத்தேன். விஷக்கடி வைத்தியரைக் கூப்பிட ஓடிய என்னை, விறகுக்குப் பருத்திமார் விற்க வந்த ரெட்டியபட்டிப் பெண் வாசலில் மறித்தாள்.

"என்னய்யா போட்டீக மாட்டுக்கு?"

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"மழையில்லாம வாடுன சோளக் குருத்து வெசமுல்ல! வெள்ளாமைக்காரவுக யாரும் போடமாட்டாக. கருப்பட்டி இருந்தா கரைச்சு ஊத்துங்க, சீக்கிரம்!"

இருந்த கருப்பட்டி முழுவதையும் என் மனைவி உடைத்துக் கரைத்தாள். நான் மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டினேன். விரியனாவது கிட்டே வராதே என்று சத்தம் போட்டது. சோளமோ தினமும் நாங்கள் குடிக்கிற கூழ். அதைப் போய் நான் எப்படிச் சந்தேகப்படுவேன்?

மனைவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பசுவையே பார்த்திருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம்தான் என்னைக் கொன்றது.

உச்சி சாய்ந்த பிறகு பசு தலையைத் தூக்கியது. முன்னங்காலை ஊன்றித் தள்ளாடி எழுந்து நின்றது. உடனே என் மனைவி, வீட்டில் பேசும் தெலுங்கில், என்னையும் என் புத்தியையும் சேர்த்துத் திட்ட ஆரம்பித்தாள். அவள் திட்டத் திட்ட எனக்கு உயிர் திரும்பி வந்தது.