தை அமாவாசையன்று பனிமேல் நடக்கப் போனோம்

இத்தாலியில், கடலோர வெயில் ஊரான பலெர்மோவில் இருந்துகொண்டு பனிக்குப் போவதா என்று கேட்பீர்கள். போகலாம். சுமார் நூறு கிலோமீற்றர் தள்ளி மதோனியே மலை இருக்கிறது. காரில் இரண்டு மணித்தியாலம். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். என் கணவருக்குச் சீனி வருத்தம். பனிச்சப்பாத்து கட்டி நடந்தால் முழங்கால் அவ்வளவு நோகாது, நெஞ்சுக்கும் மூச்சுக்கும் நல்லது, சீனியும் இறங்கும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எவ்வளவு இறங்கும் என்று நாங்கள் கேட்கவில்லை.

நான் நகரின் கால்சாப் பகுதியில் ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மா வீட்டில் தங்கி வேலை. இவர் பல்லரோச் சந்தைப் பக்கம் ஓர் அறையில். அன்று தை அமாவாசை வேறு. இறந்த தகப்பனுக்குப் படைத்து, காகத்துக்கு வைத்த பிறகுதான் இவர் வாயில் தண்ணீரே படும். இம்முறை விரதம் வேண்டாம் என்று முதல்நாளே தொலைபேசியில் கெஞ்சியிருந்தேன்.

காலை ஆறு மணிக்குக் காரில் ஏறியதும் கேட்டேன்: “சாப்பிட்டனீங்களோ?”

“ஓம், சாப்பிட்டன். சீனிக் குளிசையும் போட்டன்.”

கார் அந்தோனியுடையது. மன்னார்ப் பிள்ளை, வியா மக்வேதாத் தெருவில் ஒரு கோப்பி பாரில் கோப்பை கழுவுகிறவர். அவர் ஜக்கெட் பையெல்லாம் கோப்பிக்கு வைக்கும் சீனிப் பக்கெற்றுகள். “உம்மால அந்தக் கடை பூட்டுப்படப் போகுது” என்று வழியெல்லாம் நக்கலடித்தேன்.

பனிச்சப்பாத்து என்பது சப்பாத்துக்கு அடியில் கட்டும் அகலமான தட்டு. கால் புதையாது, ஆனால் தாரா வாத்து மாதிரிக் காலை அகட்டி நடக்கவேண்டும். மேலே வாடகைக்குக் கிடைத்தது. நான் பருத்திச் சட்டையை உள்ளே போட்டிருந்தேன். வியர்வையில் ஊறி முதுகு விறைத்தது. அரை மணித்தியாலம் சிரிப்பதும் விழுவதுமாகப் போனது. பிறகு புகார் இறங்கியது; மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முன்னே போன அந்தோனியின் சிவப்புத் தொப்பி மறைந்தது.

திரும்பினால், இவர் பனியில் குந்தியிருக்கிறார். அந்தக் குளிரில் முகமெல்லாம் வியர்வை, கைகள் நடுங்குகின்றன.

“பஸ் வரும். நில்லும்” என்றார்.

மலையில் ஏது பஸ்? எனக்கு உயிர் போய்விட்டது. “அந்தோனி!” என்று கத்தினேன். அவர் விழுந்தெழும்பி ஓடிவந்தார். நான் இவரைப் பிடித்து உலுக்கினேன்.

“என்ன சாப்பிட்டனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ!”

“அப்பாவுக்கு இன்னும் படைக்கேல்லை...”

வெறுவயிற்றில் குளிசை, அதன்மேல் நடை. சீனி அளவுக்கு மீறி இறங்கிவிட்டது, உடனே இனிப்புக் கொடுக்கவேண்டும். அந்தோனி ஒரு பக்கெற்றைக் கிழித்து, “அண்ணை, வாயைத் திறவுங்கோ” என்று நீட்டினார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். “அப்பாவுக்கு முதல்.”

அறிவு மங்கியும் அந்தப் பிடிவாதம் மங்கவில்லை. கோபமும் பயமுமாக நான் ஒரு பக்கெற்றைப் பிடுங்கி, அவர் கண்முன்னே பனியில் கொட்டினேன். “மாமா, இது உங்களுக்கு. உங்கட பிள்ளையை விடுங்கோ!”

வெள்ளைச் சீனி வெள்ளைப் பனியில் காணாமல் போனது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறந்தார்.

ஒவ்வொரு பக்கெற்றாகக் கொடுத்தோம். எனக்கு அழுகை நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் அடங்கியது. “ஏன் அழுறீர்?” என்று அவர் கேட்டபோது அடிக்கலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டுவந்த சோற்றை அங்கேயே தீத்தினேன். புகார் விலகியதும், வந்த தடத்தைப் பிடித்து இறங்கினோம்.

பனி நடை நல்லதுதான். மலையைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சீனி வருத்தக்காரர் குளிசை பற்றி முன்கூட்டியே டொக்டரோடு கதைத்து, இனிப்பை முதுகுப்பைக்குள் அல்ல, கைக்கெட்டும் பொக்கற்றில் வைக்கவேண்டும். அவர் தனியே நடக்கக்கூடாது. உள்ளே பருத்தி வேண்டாம், கம்பளி போடுங்கள். புகார் கண்டால் திரும்புங்கள். அந்தோனி மாதிரி ஒருவர் கூட வந்தால், நக்கலடிக்காதீர்கள்.

தை அமாவாசைக்கு இன்றும் படைக்கிறோம். இவர் காலையில் என் கண்முன்னே சாப்பிட்டு முடித்த பிறகுதான் நான் அடுப்பை மூட்டுவேன். மாமாவின் படத்துக்கு முன்னால் இலை போடும்போது, அதற்குப் பக்கத்தில் இவர் படம் ஏறாமல் சுவர் வெறுமையாகவே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.