மலைக்குப் போட்ட கோடு

மக்களைக் கூட்டிவைத்துக் கருத்துக் கேட்பதுதான் என் வேலை என்று சொல்லிப் பாருங்கள், பெண் கொடுக்க வந்தவர்கள் காபி ஆறுவதற்குள் எழுந்துவிடுவார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் எனக்கு அந்த வேலைதான். விருதுநகருக்கு மேற்கே மலையில் ஒரு தேசியப் பூங்கா அமைக்கலாம் என்று பேச்சுக் கிளம்பியிருந்தது. அடிவாரத்து ஊர்க்காரர்களிடம் அதைப் பேசி, அவர்கள் சொல்வதை மேலே கொண்டுபோக வனத்துறையில் என்னை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். மைக் கட்டி, நாற்காலி போட்டு, ஆள் வருமா என்று ரோட்டையே பார்த்து நின்றவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

நிறைந்த சாவடி

முதல் கூட்டத்துக்கே சாவடி நிறைந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. யானை, மான், மலை அணில், காட்டாறு என்று மூச்சுவிடாமல் பேசினேன். எல்லோரும் ஆர்வமாகத் தலையாட்டினார்கள். முடித்ததும் டீக்கடை சங்கரலிங்கம் அண்ணாச்சி கையைத் தூக்கினார்.

"தம்பி நல்லாப் பேசுனீக. பூங்காவுல ஊஞ்சல் எம்புட்டுப் போடுவீக? சறுக்குமரம் உண்டுமா?"

வேனில் கூட்டம்

ஊஞ்சல் இல்லை என்று தெரிந்ததும் அடுத்த கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. போதாததற்குத் தீபாவளி சீசன் வேறு. விடியும்போதே வேன் வந்து ஊரில் பாதிப்பேரை வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். மறுநாள் நானும் வேனில் ஏறிக்கொண்டேன்.

கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி பேச்சை ஆரம்பித்தேன். சரவெடி பின்னுகிற மாரியம்மாள் அக்கா கேள்வி மேல் கேள்வி கேட்டார். விறகு பொறுக்க விடுவார்களா? ஆடு மேய்க்கலாமா? ஆடி மாதம் மலைக்கோயிலில் பொங்கல் வைக்கப் போகலாமா? பூங்கா வரட்டும் என்று பாதி வேன், வரக்கூடாது என்று மீதி வேன். கம்பெனி வாசலில் வண்டி நின்ற பிறகும் ஒருவரும் இறங்கவில்லை. போர்மேன் வந்து கதவைத் தட்டினார். மாரியம்மாள் அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"செத்த இருங்க அண்ணே, மலையப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம். பட்டாசு எங்கன ஓடிப்போகுது?"

கோலப்பொடி

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் கோலப்பொடியால் மலையையே வரைந்தோம். காட்டுக்குப் பச்சை, ஓடைக்கு நீலம், கோயிலுக்குக் குங்குமச் சிவப்பு. பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு வரைந்தார்கள். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல இருந்தது. அப்போது அந்த மலைக்குப் பொறுப்பான வனத்துறை ரேஞ்சர் வந்தார். கடுகடுப்பானவர், ஆனால் காட்டின்மேல் உயிரையே வைத்திருந்தவர். வெள்ளைப் பொடியை அள்ளி, கோயிலுக்கும், ஓடை பிறக்கிற ஊற்றுக்கும் கீழே ஒரே கோடாக இழுத்தார். "இதுக்கு மேலே யாரும் போகக்கூடாது. இதுதான் பூங்கா எல்லை."

 சிலர் வீட்டுக்குக் கிளம்ப எழுந்தார்கள். போனால் திரும்ப வரமாட்டார்கள். மாரியம்மாள் அக்கா நேராக நடந்துபோய், மலைப்பாதை வருகிற இடத்தில் கோட்டைக் காலால் அழித்தார். ரேஞ்சரின் முகம் சிவந்தது.

"கோவிச்சுக்கிறாதீக சார். நாங்க நடக்குற பாதைய மட்டுந்தேன் அழிச்சேன். மிச்சக் கோடு அப்படியே கெடக்கு."

தீ

பங்குனி வெயிலில் ஒருநாள் மலைச்சரிவில் புகை எழும்பியது. ரேஞ்சரிடம் இருந்ததோ நாலைந்து ஆட்கள். நான் ஊருக்குள் ஓடிவந்து வாயைத் திறப்பதற்குள், சனங்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். அன்று கம்பெனி விடுமுறை. நானும் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

நெருப்புக்குப் பக்கத்திலேயே பிழைக்கிறவர்கள் அவர்கள். கத்தவில்லை, சிதறி ஓடவில்லை. தீ வரும் திசைக்கு முன்னால் போய்ச் சருகையெல்லாம் கூட்டித்தள்ளி, வெறும் மண்ணாக ஒரு பட்டை போட்டார்கள். பட்டையைத் தாண்டி விழுந்த பொறிகளைப் பச்சைக் கிளையால் அடித்தார்கள். ரேஞ்சரும் சட்டை கருகும்படி அவர்களோடு நின்று அடித்தார். பொழுது சாய்கிற நேரத்தில் தீ அந்த மண்பட்டையில் வந்து படுத்துவிட்டது. கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஊற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரேஞ்சர் பாறையில் உட்கார்ந்து, மாரியம்மாள் அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம் மேலே வந்தீங்க?" என்று கேட்டார்.

"நீங்க அடைக்கச் சொன்ன பாதை வழியாத்தேன் சார்."

சூலக்கரையில்

கடைசிக் கூட்டம் சூலக்கரையில், கலெக்டர் ஆபீஸில், பெரிய அதிகாரி முன்னிலையில் நடந்தது.  நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சுக்கு வேலையே இல்லாமல், ரேஞ்சர் எழுந்து பேசினார். பாதை திறந்திருக்க வேண்டும், ஆடிப் பொங்கலுக்குத் தடை கூடாது, அடிவாரத்தில் ஆடு மேயலாம் என்றார். தீ அணைக்க ஊர்க்காரர்களே குழு வைத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னார். அதிகாரி எல்லாவற்றுக்கும் சம்மதித்து, திட்டத்தை அப்படியே மேலே அனுப்பச் சொன்னார். எங்கள் பெண்கள் கைதட்டியதில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். வேறு ஏதாவது கருத்து உண்டா என்று அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார். மாரியம்மாள் அக்கா எழுந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சார். அடுத்த கூட்டத்த எங்க ஊருல வைங்க, நீங்களும் மலையப் பார்த்த மாதிரி இருக்கும்."

பூங்கா இன்னும் வரவில்லை, ஆனால் கூட்டம் எப்போது என்று கேட்டு ஊரிலிருந்து எனக்கு வருகிற போன் மட்டும் நிற்கவே இல்லை.