பார்பரிக்மை

எனக்குத் தெரிந்த அபூர்வமான இங்கிலீஷ் சொற்களெல்லாம் கண்ணுக்குத்தான் பழக்கம், காதுக்குப் பழக்கமில்லை. கடலூரில் பத்திரங்களையும் சான்றிதழ்களையும் மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். வேலை இல்லாத நேரத்தில் அகராதியைப் புரட்டுவேன். விசித்திரமான சொல் அகப்பட்டால் அர்த்தத்தோடு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு என்ன சந்தர்ப்பம்?

போன ஆடியில் ஒரு மத்தியானம் என் மனைவியின் தம்பி வந்தான். தேவனாம்பட்டினத்தில் படகு இன்ஜின் மெக்கானிக். சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவான். அன்று முகம் வெளிறிப்போயிருந்தது.

"மாமா, வயித்துக்குள்ள ஒரு வாரமா ஒரே கடமுடா. ஸ்பேர் வாங்க சிதம்பரம் போனப்போ ஒரு டாக்டரப் பார்த்தேன். என்னமோ எழுதிக் குடுத்தாங்க. பயத்துல என்னன்னு கேக்காமலே வந்துட்டேன். மெடிக்கல்ல காட்டினா, இப்படி ஒரு வியாதிய கேள்விப்பட்டதே இல்லங்கறான்."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். பத்தெழுத்தில் ஒரே சொல். என் நோட்டில் இருக்கும் சொல்தான். சிரித்துவிட்டேன்.

"ஒண்ணுமில்ல மச்சான். குடல்ல காத்தும் தண்ணியும் நகர்றப்போ ஒரு சத்தம் வருதில்ல, அதுக்குத்தான் இந்தப் பேரு."

"வெறும் சத்தத்துக்குப் போயி எவனாவது இம்மாம் பெரிய பேரு வைப்பானா? அக்கா பயந்துடும்னு மறைக்கறீங்க."

இரண்டு நாளாகக் கஞ்சித்தண்ணிதான் குடிக்கிறானாம். வயிறு காயக் காயச் சத்தம் ஜாஸ்தியானது. சத்தத்தோடு பயமும்.

மறுநாள் காலை அவனைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். டாக்டர் இளம்பெண். சீட்டை நீட்டி, சற்றுக் கெத்தாகவே, "இந்த போர்போரிஜ்மி..." என்று ஆரம்பித்தேன்.

"பார்பரிக்மை சார்," என்றார் அவர் சிரித்துக்கொண்டே. "'ரி'யில அழுத்தி, கடைசில 'மை'. காலேஜ் விட்டப்புறம் இத நான் வாயால சொல்றதே இன்னைக்குத்தான்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அர்த்தம் நான் சொன்னதேதான். அவர் விளக்கி முடிக்கவும், மச்சானின் வயிறு நீளமாக ஒரு முழக்கம் போட்டது. டாக்டர் பேனாவால் அதைச் சுட்டி, "இதேதான்" என்றார். மூன்று பேருமே சிரித்துவிட்டோம்.

"பட்டினி கிடக்காம வேளைக்குச் சாப்பிடுங்க. போதும்."

வெளியே வந்ததும் எதிரில் இருந்த ஓட்டலுக்குள் நுழைந்தான். பூரி, இட்லி, மறுபடியும் பூரி. நடுநடுவே அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்து, மூன்றாவது தடவையிலேயே பிடித்துவிட்டான். எனக்குத்தான் நாக்கு புரளவில்லை.

"மை மாமா, மை. நீங்க இன்னும் 'மி' போடுறீங்க."

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர், எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார்.

"பார்பரிக்மைங்க," என்றான் பெருமையாக.

"அது எந்தப் பக்கம் தம்பி?"

மச்சான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மங்கலம்பேட்டைக்கு அந்தாண்ட," என்றான்.