நாலு விரிப்பு, ஒரு போர்வை

பெட்ஷீட்டக்கா மூன்றாவது விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு முனையைக் குழாயில் சுற்றி, மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்து, சொட்டு நிற்கும்வரை முறுக்குவாள். அப்படி முறுக்கியதில் குழாய் இரண்டு முறை கழன்று கையோடு வந்திருக்கிறது. விரிப்பு ஒன்றுகூடக் கிழிந்ததில்லை.

ஒரு மருத்துவமனையின் துணி அறையில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. தினம் முந்நூறு விரிப்பை எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுப்பாள். பட்டப்பெயர் அங்கே ஒட்டியது. ஆறு மாதத்துக்கு முன் மாமனார் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு கட்டிலோடு கிடந்ததிலிருந்து வீட்டிலும் நாளைக்கு நாலு விரிப்பு. மூன்று துவைக்கப் போனால் ஒன்று அவருக்கு அடியில் இருக்கும்.

அன்று அவளுக்கு வார விடுமுறை. அவளிடம் இருந்த வானொலிப் பெட்டிக்கோ கடைசி நாள்.

அது பாட்டுக் கேட்கிற பெட்டி இல்லை. உரிமம் வாங்கியவர்கள் ஒருவரையொருவர் ஆகாயத்தில் கூப்பிட்டுப் பேசுகிற பெட்டி. அவள் இதற்குள் வந்து விழுந்தது கதவு மாறிப் போனதால். படுக்கைப்புண் வராமல் தடுக்கும் பயிற்சிக்கு மருத்துவமனை அவளை அனுப்பியது. வலது கதவுக்குப் பதிலாக இடது கதவைத் திறந்தாள். அரை மணி நேரம் மின்காந்த அலையைப் பற்றிக் கேட்ட பிறகுதான், இது படுக்கைப்புண் வகுப்பாக இருக்காதோ என்று சந்தேகம் வந்தது. நடுவில் எழுந்து போவது மரியாதையில்லை என்று உட்கார்ந்தாள். அடுத்த வாரம் போகாவிட்டால் பாடம் எடுத்தவர் மனம் சங்கடப்படுமே என்று போனாள். பரீட்சையில் முதலாவதாக வந்தாள். படுக்கைப்புண்ணைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

சங்கத்தில் இரவல் பெட்டி ஒன்றே ஒன்று. புதிதாக உரிமம் வாங்குபவருக்கு அதை முப்பது நாள் தருவார்கள். அதற்குள் யாரோடாவது பேசி, இரண்டு பேரும் உரிமத்தில் இருக்கும் எழுத்துப் பெயரான அழைப்புக்குறியும், குரல் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதற்கான எண்ணும் பரிமாறிக் குறிப்பேட்டில் எழுதிவிட்டால், இன்னும் ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பெட்டி அடுத்தவருக்குப் போகும். அடுத்தவர் ஒரு பேக்கரிக்காரர். தினமும் சங்கச் செயலாளருக்குப் போன் போட்டு, "அந்தம்மா யார்கிட்டயாவது பேசிட்டாங்களா?" என்று கேட்பார். படுத்திருக்கும் பெரியப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று சொத்துக்குக் காத்திருக்கும் பிள்ளை விசாரிக்கிற குரல் அது.

இருபத்தொன்பது நாள் கூப்பிட்டாயிற்று. ஒரு பதில் இல்லை. பெட்டியின் முகப்பில் ஒரு முள் உண்டு. மாடியில் கட்டியிருக்கும் மஞ்சள் கம்பி சரியான நீளத்தில் இருந்தால் முள் இடது பக்கம் சாய்ந்து படுத்துவிடும். இல்லையென்றால் வலது பக்கம் சிவப்புக்குள் ஏறி நிற்கும். அனுப்பியதெல்லாம் உனக்கே திரும்பி வருகிறது என்று அதற்கு அர்த்தம். அவளுடைய முள் முதல் நாளிலிருந்தே சிவப்பில்தான் நின்றது.

பெட்டி மாமனாரின் அறையில் இருந்தது. மேசை அங்கேதான் இருந்தது, அவரையும் பார்த்துக்கொள்ளலாம். "ஏம்மா, இன்னிக்காவது வீட்ல ஆள் இருக்காங்களா?" என்று தினமும் ஒரு தடவை கேட்பார். கேட்க மறந்தால் மணியை இழுத்துக் கூப்பிட்டுக் கேட்பார். லிஃப்ட் மெக்கானிக்கான அவர் மகன், அவள் புருஷன், போன மாதம் பழைய லிஃப்ட் ஒன்றிலிருந்து கழற்றிய மணியைக் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் அடித்து, இழுக்க ஒரு மஞ்சள் கம்பியும் கட்டிக் கொடுத்திருந்தார். இழுத்தால் தெருமுனைக்குக் கேட்கும்.

இவ்வளவு ஏச்சுப் பேச்சுக்கும் நடுவில் அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. இருபத்திரண்டு வருடமாக அவளிடம் வாய் திறந்தவர்கள் எல்லோரும் விரிப்பு கேட்கத்தான் திறந்தார்கள். விரிப்பு கேட்காத ஒருவரோடு அவள் பேச வேண்டும். ஒருவர் போதும்.

மூன்று விரிப்பையும் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறினாள். கொடி முழுக்க நாத்தனாரின் சோபா உறைகள். மேல் வீட்டில் குடியிருக்கும் நாத்தனாருக்கு மொட்டை மாடி தனக்கே எழுதி வைத்தது என்ற நினைப்பு.

"அண்ணி, ஒரு ஓரம் குடுங்க."

"எல்லாம் ஈரம். உன் ரேடியோக் கம்பி தண்டத்துக்குத் தொங்குதே, அதுல போடு. நாளைக்குக் கழட்டப் போறதுதானே."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சுருட்டிக் கொடுக்கப்போகிற கம்பி ஒரு நாளாவது உழைக்கட்டும் என்று மூன்றையும் அதில் விரித்துப் போட்டுவிட்டுக் கீழே வந்தாள்.

மாமனாருக்குச் சாப்பாடு ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, கடைசியாக ஒரு முறை என்று பெட்டியின் முன் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். முள் இடது பக்கம் படுத்துக் கிடந்தது. காய்ச்சல் இறங்கியதை நம்பாமல் தெர்மாமீட்டரை உதறுவதுபோல் முகப்பைத் தட்டிப் பார்த்தாள். முள் எழுந்திருக்கவில்லை. தன் அழைப்புக்குறியைச் சொல்லி, யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிட்டாள்.

"யாரோ கூப்பிட்டீங்க. கடைசி எழுத்து மைக்னு கேட்டுச்சு. நான் ஆஸ்கர் ஜூலியட். பேசுங்க," என்றது பெட்டி. ஆகாயத்தில் எழுத்தைப் பெயராகத்தான் சொல்வார்கள்; எம் என்றால் மைக்.

அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த அத்தனையும் கழுவிவிட்டதுபோல் போய்விட்டது.

"ஏம்மா, எவனோ கூப்பிடறான். வாயத் தொற," என்றார் மாமனார்.

அவள் வாயைத் திறந்தாள். இருபத்திரண்டு வருடமாக யார் கூப்பிட்டாலும் வருவதுதான் வந்தது. "எந்த வார்டு?"

"வார்டு இல்லீங்க, நான் பல் டாக்டர். இங்க ஒருத்தருக்கு மரத்துப்போற ஊசி போட்டிருக்கேன். அது மரக்கிற வரைக்கும் பத்து நிமிஷம் இருக்கு, அதுக்குள்ள பேசிடலாம். முழு அழைப்புக்குறியும் சொல்லுங்க."

அவள் சொன்னாள்.

"ஹலோ? வார்டு கேட்டவங்க இருக்கீங்களா? ஒண்ணும் கேக்கல."

இன்னொரு முறை சொன்னாள். பல் டாக்டரின் குரல் பக்கத்து வீடு மாதிரி கேட்டது. அவள் சொன்னதுதான் அங்கே போய்ச் சேரவில்லை. முள் மெதுவாகச் சிவப்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே உச்சி வெயில் கொளுத்தியது. காற்றும் நன்றாக அடித்தது.

துணியைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரத்துணி மேலே கிடந்தால் கம்பி, நீளம் கூடியதுபோல நடந்துகொள்ளும். இடது கதவு வகுப்பில் இதையும் சொல்லியிருந்தார்கள். விரிப்பு காய்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

ராத்திரி வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த புருஷனை உலுக்கினாள். "ஏங்க, எந்திரிங்க. மாடியில விரிப்பு காயுது. போய் நனைங்க."

"காயத்தானே போட்ட?"

"இப்ப நனையணும். மணி ஒண்ணு அடிச்சா தண்ணி ஊத்துங்க. ரெண்டு அடிச்சா நான் பேசறேன்னு அர்த்தம், கம்பிப் பக்கம் போகாதீங்க."

கல்யாணமாகி இருபத்தைந்து வருடமான மனிதர். காரணம் கேட்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு ஏறினார்.

முள்ளைப் பார்த்து மணி அடிக்கும் வேலை மாமனாருக்கு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆறு மாதமாகக் காணாத சுறுசுறுப்போடு மணிக் கம்பியைப் பிடித்தார். ஒரு மணி அடித்தது. மேலே தண்ணீர் விழுந்தது. முள் பாதி இறங்கி, அங்கேயே அடம் பிடித்தது.

"மேடம், இவருக்கு உதடு மரத்துடுச்சாம். நாக்கு பாக்கி," என்றது பெட்டி.

இன்னொரு விரிப்பு வேண்டும். அவள் கட்டிலைப் பார்த்தாள். மாமனார் அவள் பார்ப்பதைப் பார்த்தார்.

"நான் படுத்திருக்கேன்," என்றார்.

"தெரியுது மாமா. உங்களுக்கு அடியில இருக்கறதுதான் வேணும்."

அவருடைய முழங்காலை மடித்து, தோளிலும் இடுப்பிலும் கைகொடுத்து, அடிபடாத பக்கமாக ஒரே அசைவில் புரட்டினாள். விரிப்பை நீளவாக்கில் சுருட்டி முதுகோடு ஒட்டினாள். தோளுக்கும் குதிகாலுக்கும் துண்டு வைத்து நேராகப் படுக்கவைத்து, அந்தப் பக்கம் போய் உருவினாள். மருத்துவமனையில் இதற்கு இரண்டு பேர், நாலு நிமிடம். அவள் ஒருத்தியாக ஒன்றரை நிமிடத்தில் முடித்தாள்.

"ரேடியோவுக்காகப் புரட்டப்பட்ட முதல் ஆள் நானாத்தான் இருப்பேன்," என்றார் மாமனார். மணிக் கம்பியை மட்டும் விடவில்லை.

விரிப்பைத் தொட்டியில் முக்கிக்கொண்டு அவள் மாடிக்கு ஓடியபோது, அங்கே நாத்தனார் தம்பியைப் பிடித்து வைத்திருந்தாள்.

"ஏண்டா, வெயில்ல காயற துணிக்குத் தண்ணி ஊத்தறியே, லிஃப்ட் ஏதும் தலைல விழுந்துச்சா?"

"அவ சொன்னா."

"அவ சொன்னா குதிப்பியா?"

"மணி எத்தனை அடிக்குதுன்னு பார்த்துட்டு."

நாலாவது விரிப்பும் கம்பியில் ஏறியது. கீழேயிருந்து ஒரு மணி. மறுபடியும் ஒரு மணி. இன்னும் போதவில்லை.

"அண்ணி, உங்க கம்பளிப் போர்வை வேணும்," என்றாள் பெட்ஷீட்டக்கா. "இப்ப நான் பேசலைன்னா பெட்டி போயிடும், கம்பியும் போயிடும்."

நாத்தனார் கணக்குப் போட்டாள். கம்பி போனால் நாளை முதல் நாலு விரிப்பும் தன் கொடிக்கு வரும். கம்பி இருந்தால் வராது. உள்ளே போய்ப் போர்வையைக் கொண்டுவந்து, தானே வாளியில் முக்கி, தானே போட்டாள். போர்வை குடித்த தண்ணீரில் கம்பி வில்லாக வளைந்தது.

பெட்ஷீட்டக்கா படி இறங்கி வருவதற்குள் முள் இடது பக்கம் படுத்திருந்தது. மாமனார் இரண்டு மணி அடித்தார். மேலே இரண்டு பேரும் கம்பியை விட்டு விலகி நின்றார்கள்.

"நாக்கும் மரத்தாச்சு, நான் கிளம்பணும்," என்று பெட்டி சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் பொத்தானை அழுத்தி, அழைப்புக்குறியை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். பல் டாக்டர் அதைத் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னார். "ஐந்து, ஏழு," என்று அவளுக்கு எண் கொடுத்தார். அவள் அவருக்கு ஐந்து, ஒன்பது கொடுத்தாள்.

"அவனுக்கு எதுக்கு ரெண்டு மார்க்கு கூட?" என்றார் மாமனார்.

அவள் குறிப்பேட்டில் எழுதினாள். நேரம், எண், குறி. எழுதி முடித்து மூச்சு விட்டாள்.

"அப்புறம், உங்க ஆன்டெனா என்னங்க?" என்றார் பல் டாக்டர்.

ஆகாயத்தில் பொய் சொல்லக்கூடாது என்று பாடம் எடுத்தவர் சொல்லியிருந்தார். "கம்பி. அதுமேல ஈரமான படுக்கை விரிப்பு நாலு, கம்பளிப் போர்வை ஒண்ணு."

பல் டாக்டருக்குப் பின்னாலிருந்து, நாக்கு மரத்த யாரோ ஏதோ கேட்பது குழறலாகக் கேட்டது.

"விரிப்பாங்கறார் இவர். நானும் அதைத்தான் கேக்கறேன். ஒத்தையா, டபுளா?"

"டபுள்."

"காட்டனா?"

"காட்டன்தான்."

"மடிச்சுப் போட்டீங்களா, விரிச்சா?"

கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் மனிதரும் விரிப்பைத்தான் கேட்டார். அவள் மருத்துவமனையில் சொல்வதுபோலவே, கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு இதே அலைவரிசைக்கு வாங்க மேடம். எங்க ஆளுங்க நாலஞ்சு பேரைக் கூட்டிட்டு வரேன். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. இப்ப இவர் பல்லைப் புடுங்கிடறேன்."

மறுநாள் அவள் வேலைக்கு லீவு சொல்லியிருந்தாள். காலை எட்டரை மணிக்குச் சங்கச் செயலாளர் வந்தார். கடிகாரம் பழுது பார்ப்பவர், நெஞ்சுவரை தாடி. பின்னாலேயே பேக்கரிக்காரர், பெட்டியைத் தூக்கிப் போகச் சொந்தப் பையோடு.

செயலாளர் குறிப்பேட்டைப் படித்தார். குறிப்புகள் என்ற கட்டத்தில், 'ஈர விரிப்பு 4, போர்வை 1' என்று இருந்தது. படித்ததை அவர் கண் நம்பவில்லை. அளவு நாடாவோடு மாடி ஏறி, இறங்கி வந்தார்.

"தொடர்பு சரியாத்தான் இருக்கு. பெட்டி இங்கதான் இருக்கும். ஆனா கம்பியில மூணடி குறையுது. நான் அளந்து குடுத்தது. எங்க போச்சு?"

லிஃப்ட் மெக்கானிக் கூரையைப் பழுது இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்தார். அந்த நேரம் உள்ளே மணி அடித்தது. எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். மாமனாரின் கையில் மூன்றடி மஞ்சள் கம்பி.

"பெரியவரே, அதைக் குடுத்தீங்கன்னா விரிப்பே வேண்டாம். அளவு சரியாயிடும்," என்றார் செயலாளர்.

"குடுத்துட்டு நான் எதப் புடிச்சு இழுக்கறது, உன் தாடியையா? அவசரம்னு மணி அடிச்சா கும்பலா வந்து நிக்கிறீங்க."

பெட்ஷீட்டக்கா எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தி, அவருக்கு யூரின் கேன் வைத்து, துடைத்துவிட்டு வந்தாள்.

"வேற மூணடி கொண்டாந்து ஒட்டித் தரேன்க்கா," என்றார் செயலாளர்.

"சாயங்காலம் கொண்டாங்க. பத்து மணிக்கு நாலஞ்சு பேரு விரிப்பப் பத்திக் கேக்க வராங்க. நான் சொன்ன சொல்லுக்கு அங்க விரிப்பு இருக்கணும்."

பேக்கரிக்காரர் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, போகவும் மனமில்லாமல் நின்றார். அவரை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, நாலு விரிப்பையும் அலசி, பிழியாமல், சொட்டச் சொட்டக் கம்பியில் போட்டாள். பிறகு ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நாத்தனாரின் கதவைத் தட்டிப் போர்வை கேட்டாள்.